முதலில் டிரைபாடா, மழையுறையா?

சித்தப்பா மகன் பழைய சோனி ஏ7 III கேமரா ஒன்றை வாங்கிவிட்டுத் தொலைபேசியில் அழைத்தான். கூடவே 24-105 மி.மீ. ஜூம் லென்ஸ். இவை போக ரூ.20,000 மிச்சம் வைத்திருந்தான். ஆகஸ்டில் வால்பாறை, ஜனவரியில் கொழுக்குமலை என்று நண்பர்களோடு திட்டம். "அண்ணா, நல்ல டிரைபாடாக ஒன்று சொல்லுங்கள்" என்றான். டிரைபாடைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை.

அவனைக் குறை சொல்ல முடியாது. கேமரா வாங்கியவர் அடுத்து டிரைபாட் வாங்குவது, வீடு கட்டியவர் அடுத்து வாசல் கேட் போடுவது போன்ற வழக்கமாகிவிட்டது. நானும் அப்படித்தான் வாங்கினேன். இரண்டு கிலோ எடையுள்ள அலுமினிய டிரைபாட். மூன்று மலைகளுக்கு அதைத் தோளில் தூக்கிப் போனேன். மூன்றாவது மலையில்தான் முதன்முறையாக விரித்தேன். அதற்குள் ஒரு நல்ல லென்ஸைப் பூஞ்சைக்குக் கொடுத்திருந்தேன். எதை முதலில் வாங்குவது என்று அவனுக்குச் சொன்ன வரிசை இந்த இரண்டு இழப்புகளிலிருந்து வந்தது.

மலையேற்றக் கருவிகளைப் பற்றிய காணொளிகள் பெரும்பாலும் ஐஸ்லாந்திலோ ஆல்ப்ஸிலோ எடுக்கப்பட்டவை. அங்கே குளிரும் காற்றும் தொல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் முதல் பகை ஈரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வால்பாறைக்குப் பக்கத்தில் உள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. மழை விட்டாலும் மூடுபனி விடாது. தங்கும் விடுதியில் போர்வையே நனைந்தாற்போல் இருக்கும். துவைத்துப் போட்ட சட்டை மூன்று நாளானாலும் காயாது. அந்தக் காற்றில்தான் கேமராவும் மூச்சு விடுகிறது.

"இது ஈரம் தாங்கும் கேமரா" என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும், கைப்பேசிகளுக்கு இருப்பது போன்ற ஐ.பி. தர எண் பெரும்பாலான கேமராக்களுக்குக் கிடையாது. ஓஎம் சிஸ்டத்தின் ஓஎம்-1 போன்ற சில மட்டும் ஐபி53 என்று எண்ணோடு வருகின்றன. அதுவும் அடைப்புள்ள லென்ஸ் மாட்டியிருந்தால்தான். மற்றவற்றில் மூட்டுகளில் ரப்பர் வளையம் இருக்கும், தூறல் தாங்கும், அவ்வளவே. பேட்டரிக் கதவு, கார்டுக் கதவு, மேலே ஃபிளாஷ் மாட்டும் இடம், லென்ஸ் மாட்டும் வளையம் ஆகிய நான்கு வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். போனால் வாரண்டி பொதுவாகக் கை கொடுக்காது.

மழையுறையில் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, மெல்லிய பாலித்தீன் உறை: ஒரு முனையில் லென்ஸுக்குச் சுருக்குக் கயிறு, மறுமுனை திறந்தது. மலிவு, எடையே இல்லை. ஆனால் இரண்டாம் நாளே கிழியும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. நீலகிரியில் அந்தக் கட்டுப்பாடு அதற்கும் மூத்தது. சோதனைச் சாவடியில் மெல்லிய உறையைக் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பது காலை வெளிச்சத்துக்குச் செய்யும் துரோகம். இரண்டு, இரு பக்கமும் கை நுழைக்க வழியுள்ள நைலான் உறை. விலை கூடுதல்தான்; ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: உறைக்குள் கையை விட்டபின் ஷட்டர் வேகத்தை மாற்றும் சக்கரத்தை விரலால் தொட முடிகிறதா? பல உறைகளில் முடியாது. மூன்று, குடை. சிரிக்க வேண்டாம். காற்றில்லாத காட்டுக்குள், குடை பிடிக்க ஒரு நண்பரும் இருந்தால், இதைவிடச் சிறந்த மழையுறை இல்லை. லென்ஸின் முன்கண்ணாடியையும் குடை காப்பாற்றுகிறது. நைலான் உறையால் அது முடியாது. திறந்த மலை முகட்டில் மட்டும் குடை உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

என் தேர்வு நைலான் உறை. லென்ஸின் முனையில் மாட்டும் ஹுட் என்ற வளையக் கவசம் கட்டாயம் இருக்க வேண்டும். சாய்வாக விழும் துளிகளில் பாதியை அதுவே தடுத்துவிடும். துடைக்கப் பழைய பருத்தி வேட்டித் துண்டு இரண்டு போதும். கண்ணாடிக்கு மட்டும் மைக்ரோஃபைபர் துணி, அதையும் ஜிப் பைக்குள் தனியாக. நனைந்த மைக்ரோஃபைபர் தண்ணீரைத் துடைக்காது, பூசும்.

உறையைவிட முக்கியமானது வீட்டில் இருக்க வேண்டிய பெட்டி. பூஞ்சை மலையில் தொற்றலாம். வளர்வது வீட்டு அலமாரியில். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டிய இருட்டில், காற்றோட்டம் இல்லாத தோல் பைக்குள், அது நிதானமாக வளரும். கண்ணாடிமேல் சிலந்தி வலைபோல் படர்ந்து, தான் சுரக்கும் அமிலத்தால் மேல்பூச்சை அரிக்கும். என் லென்ஸைப் பழுதுபார்ப்பவர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். வலை போய்விட்டது, அதன் தடம் போகவில்லை. வெயிலுக்கு எதிரே படம் எடுத்தால் இன்றைக்கும் நடுவில் ஒரு மங்கல் தெரிகிறது.

இங்கேயும் இரண்டு வழிகள். மின்சாரத்தில் இயங்கும் டிரை கேபினட்டில் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துவிட்டு மறந்துவிடலாம். நான்கைந்து லென்ஸ் வைத்திருப்பவருக்கு அது தகும். ஒரு கேமராவும் ஒரு லென்ஸும் உள்ளவருக்கு ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, அரைக் கிலோ சிலிக்கா ஜெல், சில நூறு ரூபாய்க்கு ஒரு ஈரப்பதமானி ஆகிய மூன்றும் அதே வேலையைச் செய்யும். நீல நிற ஜெல் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும். ஆரஞ்சு நிறத்தது பச்சையாகும். வறுத்தால் பழைய நிறம் திரும்பும். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் வாணலியில் மட்டும் வறுக்காதீர்கள். அரிசி டப்பாவுக்குள் கேமராவைப் புதைக்கும் வைத்தியத்தையும் விட்டுவிடுங்கள். மிச்சமாவது மாவுத் தூசிதான்.

ஈரத்தைப் பற்றி இன்னும் ஒன்று. குளிர்ந்த கேமராவை வெதுவெதுப்பான ஈரக் காற்றுக்குக் கொண்டுவந்தால், குளிர்ந்த தம்ளருக்கு வெளியே முத்து முத்தாக நீர் கோப்பதுபோல் கண்ணாடியிலும் கோக்கும். கொழுக்குமலையில் விடியலை எடுத்துவிட்டு ஜீப்பில் கீழே இறங்கும்போதும், குளிரூட்டிய காரிலிருந்து வெளியே வரும்போதும் இதுதான் நடக்கும். கேமராவைப் பைக்குள் மூடியபடியே முக்கால் மணி நேரம் விட்டுவிட்டுத் திறந்தால் தொல்லை இல்லை. இதற்குச் செலவு ஒன்றும் கிடையாது, பொறுமைதான் வேண்டும்.

அடுத்து, பை. கேமராப் பை என்று தனியாக விற்பதை வாங்குவதா, மலையேற்றப் பைக்குள் மெத்தைத் தடுப்புள்ள பெட்டியை வைத்துக்கொள்வதா? கேமராப் பைகள் கருவிகளுக்காகத் தைக்கப்பட்டவை, முதுகுக்காக அல்ல. இடுப்புப் பட்டை பெயரளவுக்கு இருக்கும். ரெயின்கோட், இரண்டு லிட்டர் தண்ணீர், சாப்பாடு வைக்க இடம் இருக்காது. ஏ7 III உடல் 650 கிராம், 24-105 லென்ஸ் 663 கிராம். இரண்டும் சேர்ந்தே 1.3 கிலோதான். இவ்வளவுக்குத் தனிப் பை வேண்டியதில்லை. முன்பே நல்ல மலையேற்றப் பை இருந்தால், உள்ளே வைக்கும் மெத்தைப் பெட்டி ஒன்று போதும். பையோடு வரும் மழைப் போர்வையை நம்பக் கூடாது. முதுகுக்கும் பைக்கும் நடுவே வழியும் தண்ணீர் அதற்குக் கட்டுப்படாது. வாயைச் சுருட்டிக் கட்டும் நீர்புகாப் பை ஒன்றை உள்ளே வைத்து, அதற்குள் மெத்தைப் பெட்டியை இறக்கிவிட்டால் ஓடையில் விழுந்தாலும் பிழைக்கும்.

ஆனால் பைக்குள் இருக்கும் கேமராவால் படம் எடுக்க முடியாது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, சுருட்டிய வாயை அவிழ்த்து கேமராவை எடுப்பதற்குள் வரையாடு பாறைக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாம் முறை நாம் பையைத் திறக்கவே மாட்டோம். ஆகவே கேமராவை வெளியே எப்படித் தொங்கவிடுவது என்ற கேள்வியில் நான் சற்றுப் பிடிவாதக்காரன். கேமராவோடு வரும் கழுத்து வார் ஏற்றத்தில் தொல்லை. குனிந்தால் பாறையில் மோதும், ஒரு மணி நேரத்தில் கழுத்து வலிக்கும். குறுக்காகத் தோளில் போடும் வார் சமதளத்தில் நன்றாக இருக்கும். கையை ஊன்றி ஏறும் இடத்தில் கேமரா முன்னால் வந்து ஊஞ்சலாடும். மூன்றாவது, முதுகுப்பையின் தோள்பட்டையில் திருகிக்கொள்ளும் உலோகக் கொக்கி. பீக் டிசைன் நிறுவனம் 2011-இல் மக்களிடம் முன்பணம் திரட்டிக் கொண்டுவந்த கேப்சர் இந்த வகையில் பெயர்பெற்றது. அதே அமைப்பில் மலிவானவையும் வந்துவிட்டன. கேமராவின் அடியில் ஒரு தகடு, தோளில் கொக்கி, ஒரு பொத்தானை அழுத்தினால் கேமரா கையில். இரண்டு கைகளும் காலியாக இருக்கும், காலில் ஒட்டிய அட்டைப் பூச்சியைப் பிடுங்குவதற்கும் சேர்த்து.

குறை இல்லாமல் இல்லை. 24-105 வரை சரி. 100-400 போன்ற நீள லென்ஸைத் தோளில் மாட்டினால் நடையே கோணலாகும். மலிவான கொக்கிகளில் திருகு தளர்கிறதா என்று ஒவ்வொரு காலையும் பார்க்க வேண்டும். அந்தத் தகடு, டிரைபாட் தலைகளில் பரவலாக உள்ள ஆர்கா-ஸ்விஸ் அளவில் இருக்கட்டும். பிற்பாடு டிரைபாட் வாங்கினால் அதிலும் அப்படியே உட்காரும்.

அட்டையைப் பற்றிச் சொன்னதால் கொசு மருந்தையும் சொல்லிவிடுகிறேன். டீட் கலந்த களிம்பு தடவிய கையால் கேமராவைத் தொடாதீர்கள். சில பிளாஸ்டிக்குகளையும் ரப்பர் பிடிகளையும் அது இளக்கிவிடும். அட்டைக்குக் காலுறையும் உப்பு முடிச்சும் போதும்.

பேட்டரியா, பவர்பேங்கா என்ற கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். ஏ7 III பேட்டரி 16.4 வாட்-மணி, எடை ஏறக்குறைய 80 கிராம். ஜப்பானிய சிபா முறைச் சோதனைப்படி ஒரு பேட்டரியில் திரையைப் பார்த்து 710 படங்கள். 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர்பேங்க் 74 வாட்-மணி. இழப்பு போக அந்தப் பேட்டரியை ஏறக்குறைய மூன்று முறை நிரப்பும், எடை முன்னூறு நானூறு கிராம் வரும். ஒருநாள் நடைக்குக் கூடுதல் பேட்டரி ஒன்று போதும். மின்சாரம் இல்லாத முகாமில் இரண்டு இரவு என்றால் பவர்பேங்க். கைப்பேசிக்கும் அதுவே உதவும். வேறு நிறுவனத்தின் மலிவு பேட்டரியை வாங்கி ஒருமுறை வீங்கவிட்டேன். கேமராவுக்குள்ளிருந்து அதை வெளியே எடுக்கக் குறடு தேவைப்பட்டது. அதன்பிறகு அசல்தான். ஜனவரி விடியற்காலையில் உதிரிப் பேட்டரி பையில் இருக்கக் கூடாது, சட்டையின் உள்பைக்குள் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும்.

மெமரி கார்டில் கடைக்காரர்கள் வேகத்தை விற்கிறார்கள். நமக்கு வேண்டியது எவ்வளவு? இந்த கேமராவின் 4கே காணொளி நொடிக்கு 100 மெகாபிட்; அதாவது 12.5 மெகாபைட். வி30 என்று எழுதியிருக்கும் கார்டு நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும். வி60, வி90-க்குக் கொடுக்கும் பணம் வீண். ஒரு பெரிய கார்டுக்குப் பதில் இரண்டு 64 ஜிபி வாங்கி, இரண்டு துளைகளிலும் போட்டு, ஒரே படம் இரண்டிலும் பதியுமாறு வைத்துவிடலாம்.

இப்போது டிரைபாட். எதற்காக வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கேமராவுக்குள்ளேயே அசைவுதாங்கி இருக்கிறது. மூச்சைப் பிடித்து, முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டால் அகலக் கோணத்தில் கால் நொடி வரை கையிலேயே எடுத்துவிடலாம். ஆகஸ்டு வால்பாறையில் வானம் தெரியாது, நட்சத்திரம் தெரியாது. பனிமூட்டத்துக்கும், தேயிலைச் சரிவுக்கும், சிங்கவால் குரங்குக்கும் டிரைபாட் வேண்டாம். குரங்குக்கு அது இடைஞ்சல்கூட. ஆகவே அந்தப் பயணத்துக்கு டிரைபாட் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி கொழுக்குமலை வேறு. தெளிந்த வானம், விடியலுக்கு முன் இருட்டு. நட்சத்திரங்களுக்கு 15, 20 நொடி திறந்து வைக்க வேண்டும். எந்தக் கையாலும் முடியாது. அங்கே டிரைபாட் கட்டாயம். சூரியநெல்லியிலிருந்து ஜீப்பிலேயே போய்விடலாம் என்பதால் எடையும் ஒரு பொருட்டில்லை. அதாவது அவனுக்கு டிரைபாட் உண்மையிலேயே வேண்டிய இடத்தில், கனமான மலிவு அலுமினியமே போதும். கார்பன் ஃபைபர் அரைக் கிலோ அளவுக்குக் குறையும், அதிர்வை நன்றாக அடக்கும், குளிரில் தொட்டால் கை சில்லிடாது. விலையோ இரட்டிப்புக்கும் மேல். நடந்தே நாள்கணக்கில் ஏறுகிறவருக்கு அந்த அரைக் கிலோ மதிப்புள்ளது. ஜீப்பில் போகிறவருக்கு அது வீண் பெருமை.

இரண்டுக்கும் நடுவே சில ஏமாற்று வேலைகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தவை இவைதாம். தலைப்பிடியைக் கழற்றினால் கால் அங்குலத் திருகு வெளிப்படும் மலையேற்றக் கைத்தடிகள் கிடைக்கின்றன. கேமராவை அதில் மாட்டினால் ஒற்றைக்கால். இறக்கத்தில் முழங்காலைக் காப்பாற்றும் தடியே படத்தையும் காப்பாற்றும். வாகனத்திலிருந்து எடுப்பதற்குப் பயறுப் பை: தையல்காரரிடம் ஒரு முழக் கட்டித் துணியில் ஜிப் வைத்துத் தைத்து, காலியாகக் கொண்டுபோய், போகிற ஊர்க் கடையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பலாம். ஜன்னல் விளிம்பில் அதை வைத்து லென்ஸை அழுத்தினால் எந்த டிரைபாடும் தராத உறுதி கிடைக்கும். திரும்பும்போது அரிசியைச் சமைத்துவிடலாம்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் மூன்று விஷயங்கள். நடுக்கம்பியை உயர்த்தாமலே கேமரா மார்பு உயரத்துக்கு வர வேண்டும். நடுக்கம்பியை உயர்த்திய டிரைபாட் காற்றில் நாணல். கால் நான்கு துண்டுகளுக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது துண்டு விரல் பருமன்தான் இருக்கும். திருகிப் பூட்டும் கால்கள் ஓடைக்குள் நின்றால் மணலை விழுங்கிக்கொள்ளும். என்னுடையது அப்படி இறுகி, வீட்டுக்கு வந்து பிரித்துக் கழுவியபின்தான் மடங்கியது. மடக்குப் பூட்டு கொஞ்சம் அசிங்கமாக இருந்தாலும் சேற்றுக்கு நல்லது.

ஃபில்டர்களில் எனக்குக் குழப்பமே இல்லை: சுழல் போலரைசர் ஒன்று, அவ்வளவுதான். மழை நனைத்த இலைமேல் வெள்ளையாக மினுங்கும் பளபளப்பை அது வெட்டியதும் உள்ளிருக்கும் பச்சை வெளியே வரும். அருவிப் பாறையின் கருமையும் அப்படித்தான். இந்த விளைவைப் பிற்பாடு கணினியில் கொண்டுவர முடியாது. மேலும் அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடுவதால் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), மர நிழலில் இருக்கும் அருவிக்குத் தனியாக என்டி ஃபில்டர் என்ற வெளிச்சம் குறைக்கும் கருங்கண்ணாடி தேவைப்படாது. ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளையை எஃப்/11 என்று வைத்தால் பெரும்பாலும் கால் நொடி கிடைத்துவிடும்; நீர் பட்டாக வழியத் தொடங்க அது போதும், கையிலும் எடுத்துவிடலாம்.

என்டி64 ஆறு ஸ்டாப் குறைக்கும். 1/15 நொடி நான்கு நொடியாகும். என்டி1000 பத்து ஸ்டாப். அதே 1/15 ஒரு நிமிடத்தைத் தாண்டும். வெயிலில் திறந்து கிடக்கும் அருவிக்கும் ஓடும் மேகத்துக்கும் இவை வேண்டும். இவற்றை வாங்கினால் டிரைபாடும் கூடவே வந்தாக வேண்டும். திருகித் திருகிக் கருமையாக்கும் மாறுநிலை என்டி வசதிதான், ஆனால் அகலக் கோணத்தில் வானத்தில் பெருக்கல் குறி போல ஒரு கறை போடும். யூவி ஃபில்டர் இன்றைய கேமராவுக்குப் புற ஊதாக் கதிருக்காகத் தேவையில்லை. கண்ணாடிக்குக் கவசம் என்ற அளவில் சிலர் போடுகிறார்கள். நான் ஹுட்டை நம்புகிறேன். 24-105-க்கு 77 மி.மீ. அளவு. நாளைக்குச் சிறிய வாய் உள்ள லென்ஸ் வாங்கினாலும் இடையில் போடும் வளையம் ஒன்றை வைத்து இதையே மாட்டலாம். ஆகவே பெரிய அளவில் ஒன்றை நல்லதாக வாங்குவது மேல்.

"அப்படியென்றால் ட்ரோன்?" என்று கடைசியில் கேட்டான். 250 கிராமுக்கு உட்பட்டதற்கு 2021 ட்ரோன் விதிகளில் ஓட்டுநர் சான்றிதழ் வேண்டாம் என்ற சலுகை இருக்கிறது. அது காட்டுக்குள் பறக்கவிடும் அனுமதி ஆகாது. வால்பாறையைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகம். பையை விட்டு வெளியே எடுத்தாலே வனத்துறையிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே ட்ரோனுக்குப் பணம் ஒதுக்கும் பேச்சே எழவில்லை.

முதல் பயணத்துக்கு அவன் வாங்கியவை: நைலான் மழையுறை, சுருட்டு வாய்ப் பை, மெத்தைப் பெட்டி, தோள் கொக்கி, அசல் பேட்டரி ஒன்று, கார்டு இரண்டு, போலரைசர். வீட்டுக்கு டப்பாவும் ஜெல்லும். ரூ.20,000-க்குள் இவ்வளவும் முடிந்தது, சில நூறு மிச்சமும் வந்தது. ஜனவரிக்கு டிரைபாட் வாங்கச் சேர்க்கத் தொடங்குவதாகச் சொன்னான். என் பழைய இரண்டு கிலோ அலுமினியம் பரணில்தான் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ என்றேன்.